ஒட்டாத பிள்ளைக்கு விளையாட்டுச் சிகிச்சை: பெங்களூரில் தொடங்குபவர்களுக்கு

விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்ட மூன்று வயதுப் பிள்ளை அழுதுகொண்டே அம்மாவிடம்தான் ஓடும். அப்படி ஓடாமல் சுவரோரமாக உட்கார்ந்து தானே ரத்தத்தைத் துடைத்துக்கொண்டால், யாரும் வரமாட்டார்கள் என்று அதற்கு எங்கோ பாடமாகியிருக்கிறது. இன்னொரு பிள்ளை இதற்கு நேர்மாறு. லிஃப்டில் பார்த்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே கிளம்பிவிடும், திரும்பிக்கூடப் பார்க்காது. வேறொன்று, அம்மா குளியலறைக்குப் போனால் கதவை உடைக்கும், அம்மா வெளியே வந்ததும் அவரையே அடிக்கும்.

இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. விளையாட்டு வழியாகவே பிள்ளையின் மனக்காயத்தை ஆற்றி, வளர்ப்பவரோடு ஒட்டவைப்பதுதான் விளையாட்டுச் சிகிச்சை. விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளை, வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பிள்ளை, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை எல்லோருக்கும் பொருந்தும். தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ பாட்டியிடம் வளர்ந்து, நாலு வயதில் பெங்களூருக்குக் கூட்டிவரப்பட்ட பிள்ளை இரண்டு மூன்று மாதம் ஒட்டாமல் இருப்பது நோயல்ல, பாட்டியைப் பிரிந்த துக்கம். வீடியோ காலில் பாட்டியைத் தினமும் காட்டுங்கள். ஆறு மாதமாகியும் அசையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தச் சிகிச்சையை டியூஷன் மாதிரி நினைத்து, பிள்ளையை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே செல்போன் பார்த்தால் பலன் குறைவு. பிள்ளை ஒட்ட வேண்டியது உங்களோடு, சிகிச்சையாளரோடு அல்ல. விளையாட்டுக்குள் நீங்களும் இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா முடிவுகளையும் இதை மனதில் வைத்தே எடுங்கள்.

1. முதலில் காது, கண், ரத்தம்

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் நீர் கோத்திருக்கலாம். எந்நேரமும் சோர்ந்து எரிச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு ரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, செவித்திறன், பார்வை, ஹீமோகுளோபின், தைராய்டு நாலையும் பார்த்துவிடுங்கள். காப்பகத்திலிருந்து வந்த பிள்ளைக்குப் பூச்சித் தொந்தரவும் இருக்கலாம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை இது. இதைச் செய்யாமல் போனால் சிகிச்சையாளர் எப்படியும் திருப்பி அனுப்புவார், அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

ஆட்டிசமும் ஒட்டுதல் குறைபாடும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். பிரித்துச் சொல்ல வேண்டியவர் குழந்தை மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 'ரியாக்டிவ் அட்டாச்மென்ட் டிஸார்டர்' என்ற பெயரை இணையத்தில் படித்துவிட்டு நீங்களே ஒட்டிவிடாதீர்கள். அது அரிதான நோய். குழந்தைப் பருவத்தில் கடுமையாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளுக்கு வருவது. ஒட்டுவதில் சிரமப்படும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது, ஆனால் உதவி தேவைப்படும்.

2. ஒரே கோப்பு

பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல் ஒன்று வாங்கி, மூலமும் இரண்டு நகல்களும் வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை (கர்நாடகத்தில் பிறந்த பிள்ளையென்றால் தாயி கார்டு), மேலே சொன்ன சோதனை முடிவுகள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பள்ளி ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் கடிதம். பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் அதையும். அரசு மருத்துவமனைகளில் கட்டணச் சலுகைக்கு அதுதான் கேட்கப்படும்.

தத்தெடுத்தவர்கள் தத்து உத்தரவுடன், கேரிங்ஸ் என்ற அரசுத் தத்தெடுப்பு இணையதளம் வழியாகக் கிடைத்த குழந்தை ஆய்வு அறிக்கையையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் சேருங்கள். எத்தனை வயதில் காப்பகத்துக்கு வந்தது, எத்தனை இடம் மாறியது என்ற இரண்டு வரிகள்தான் சிகிச்சையாளருக்கு முக்கியம். தத்துக்குப் பின் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வருவார்கள். பயந்துகொண்டு 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று எழுதவைத்துவிடுகிறார்கள் பலர். அந்தப் பார்வையிடலே சிக்கல் இருந்தால் உதவி செய்வதற்காகத்தான். அப்போதே சொல்லுங்கள்.

கணவன் மனைவி பிரிந்திருந்தால், பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவின் நகல் கட்டாயம். இன்னொருவர் சம்மதமில்லாமல் தொடங்கி, நடுவில் அவர் வந்து சண்டையிட்டு நிறுத்திவிட்டால் பிள்ளை மறுபடி ஒருவரை இழக்கும்.

கடைசியாக ஒரு தாள். பிள்ளைக்கு நடந்தது என்ன, எந்த வயதில், அப்போது யார் கூட இருந்தார்கள் என்பதை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குவதுதான் முதல் நாளில் எல்லோரும் செய்யும் தவறு. 'அதுக்கு என்ன புரியப்போகுது' என்று நினைக்காதீர்கள். புரியும். தாளை நீட்டுங்கள், அல்லது முதல் சந்திப்புக்குப் பெரியவர்கள் மட்டும் போங்கள்.

3. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்

ஓசூர் சாலையிலுள்ள அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தை, வளரிளம் பருவத்தினருக்கான மனநலத் துறை தனியாக இயங்குகிறது. கட்டணம் மிகக் குறைவு, மதிப்பீடு முழுமையானது. காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள், முதல் நாள் முழுவதும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிவான மதிப்பீட்டுக்கு இன்னொரு தேதி தருவார்கள். சாப்பாடு, மாற்றுடை, பிள்ளைக்குப் பழகிய போர்வை கையோடு இருக்கட்டும்.

அங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. பயிற்சி மருத்துவமனை என்பதால் சிகிச்சை தருபவர் பயிற்சியில் இருப்பவராக இருக்கலாம், சில மாதங்களில் வேறு பிரிவுக்கு மாறிப்போகலாம். 'நீங்கள் எத்தனை மாதம் இங்கே இருப்பீர்கள்?' என்று முதல் நாளே கேளுங்கள். இடையில் ஆள் மாறுவது மற்ற நோய்களில் சின்ன விஷயம். விட்டுப் போகிறவர்களையே பார்த்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். மாறத்தான் வேண்டும் என்றால், புதியவர் வந்து பழையவரோடு இரண்டு அமர்வாவது சேர்ந்து இருக்கும்படி கேட்டுப் பெறலாம்.

தனியார் மையங்களில் 45 அல்லது 50 நிமிட அமர்வுக்குத் தோராயமாக 1,000 முதல் 2,500 ரூபாய். பெயர் பெற்றவர்களிடம் அதற்கும் மேல். மதிப்பீட்டுக்கு 2 முதல் 4 அமர்வு தனி. வாரம் ஒன்று வீதம் 24 அமர்வுக்கு, 1,500 ரூபாய் என்று வைத்தாலே 36,000 ஆகும். பணம் 8 அமர்வுக்கு மட்டுமே இருக்கிறதென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த எட்டையும் உங்களுக்குப் பயிற்சியாக மாற்றி, வீட்டில் நீங்கள் தொடரும்படி நல்ல சிகிச்சையாளர் திட்டமிடுவார். எட்டாவது வாரம் சொல்லாமல் நின்றுபோவதுதான் மோசம்.

மனநலச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் பாலிசியில் வெளிநோயாளர் செலவே சேராதென்றால் வாராந்திர அமர்வுக்குப் பணம் வராது. பாலிசியைப் படித்துப் பாருங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

நேரம் தேர்ந்தெடுப்பதில் கவனம். மாலை ஐந்தரை மணி அமர்வென்றால், சில்க் போர்டு நெரிசலில் ஆட்டோவிலேயே தூங்கிப்போன பிள்ளை பசியோடு எழுந்து வரும், அமர்வு வீண். சனிக்கிழமைக் காலை கிடைத்தால் விடாதீர்கள். இருபது நிமிடம் முன்னதாகப் போய் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

யாரிடம் போவதென்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம். அது சிகிச்சையல்ல, வழிகாட்டும். பிள்ளைக்கு ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

4. சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை

விளையாட்டுச் சிகிச்சைக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவரும் பலகை மாட்டிக்கொள்ள முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், தருவார். அதற்கு மேல்: விளையாட்டுச் சிகிச்சையில் எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் பயின்றீர்கள், இப்போது உங்களுக்கு மேற்பார்வையாளர் உண்டா, பெற்றோர் எந்த அமர்விலிருந்து அறைக்குள் வருவோம், வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள், பிள்ளையைத் தொடுவதில் உங்கள் விதி என்ன.

ஒரு பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பிள்ளை திமிறத் திமிற இறுக்கிப் பிடித்து, அழுது ஓயும்வரை விடாமல் வைத்து 'ஒட்டுதலை உண்டாக்குவோம்' என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு இப்படிப்பட்ட ஒரு 'சிகிச்சை'யில் போர்வைக்குள் அமுக்கப்பட்டு 10 வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள். எந்தப் பெயரில் வந்தாலும், பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைப்பது சிகிச்சையல்ல.

5. எந்த முறை உங்கள் பிள்ளைக்கு

முறையை முடிவு செய்வது சிகிச்சையாளர்தான். ஆனால் அவர் சொல்லும் பெயர் எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை மையமுறையில் அறை நிறைய பொம்மைகள் இருக்கும், பிள்ளை எதை எடுத்தாலும் அதன் பின்னால் சிகிச்சையாளர் போவார். கற்பிக்க மாட்டார், கேள்வி கேட்க மாட்டார். அதே திறனைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யவைப்பது ஃபிலியல் முறை. அதன் சுருக்கமான வடிவம் 10 வாரப் பயிற்சி. செலவு குறைவு, ஒட்டுதல் நேரே உங்களோடு உண்டாகும். ஓரளவு நிதானத்தில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதிலிருந்து தொடங்குவதையே நாங்கள் சொல்வோம்.

தெராப்ளே வேறு மாதிரி. பொம்மையே இருக்காது. பஞ்சு உருண்டையை ஊதி அனுப்புவது, விரித்துப் பிடித்த செய்தித்தாளைக் குத்திக் கிழிப்பது, கையிலுள்ள சிராய்ப்புகளை எண்ணி எண்ணி லோஷன் தடவுவது, ஊட்டிவிடுவது என்று பெரியவர் நடத்திச் செல்லும் விளையாட்டு. ஒழுங்கு, ஈடுபாடு, பராமரிப்பு, சவால் என்ற நாலு பரிமாணங்களில் அமர்வைக் கட்டுவார்கள். 18 முதல் 24 அமர்வு வரை போகும். கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும், விளையாடவே தெரியாத பிள்ளைக்கும் நல்லது. உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கு மிக மெதுவாக, பிள்ளை சம்மதிக்கும் தொடுகை மட்டும்.

ஆறு வயதுக்குள் நேரடியாக வன்முறையைப் பார்த்த அல்லது பெற்றோரை இழந்த பிள்ளைக்கு, அம்மாவும் பிள்ளையும் ஒன்றாக வரும் 'குழந்தை–பெற்றோர் உளச்சிகிச்சை' உண்டு. வாரம் ஒன்று, ஏறக்குறைய ஒரு வருடம். அடம், அடி, கடி அதிகமென்றால் 2 முதல் 7 வயதுக்கான பி.சி.ஐ.டி. (பெற்றோர்–பிள்ளை ஊடாட்டச் சிகிச்சை). பக்கத்து அறையிலிருந்து சிகிச்சையாளர் உங்கள் காதில் இயர்போன் வழியாகச் சொல்லிக்கொடுப்பார்.

அம்மாவே துக்கத்தில் மூழ்கியிருந்தால் அம்மாவுக்கும் தனியாக ஒருவர் வேண்டும். பிள்ளையின் சிகிச்சைப் பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்கினாலும் தவறில்லை.

6. மொழி

பெங்களூர்த் தமிழ் வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. மூன்று வயதுவரை கன்னடம் பேசிய காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஆறுதல் மொழி கன்னடம்தான். அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ உள்ள உங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே அதைப் பறிக்காதீர்கள். பா (வா), ஊட்டா (சாப்பாடு), நீரு (தண்ணீர்), நித்தெ (தூக்கம்), ஹெதரபேட (பயப்படாதே) என்ற ஐந்தாறு சொல்லைக் கற்றுக்கொண்டு, பயந்து அழும்போதும் தூங்கப்போகும்போதும் அதிலேயே பேசுங்கள். தமிழ் தானாக வரும். அதேபோல், தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் பேசும் சிகிச்சையாளர் சரிப்படமாட்டார். உணர்ச்சிச் சொற்களாவது தமிழில் வர வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பெற்றோர் அறைக்குள் இருக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் தமிழில் பேசிக்கொள்ளலாம்.

7. வீட்டில் வாரம் 30 நிமிடம்

பாதி வேலை இங்கேதான் நடக்கிறது. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். தனி அறை இல்லாவிட்டால் ஒரு பாய் போதும். பாயை விரித்தால் விளையாட்டு நேரம், சுருட்டினால் முடிந்தது. செல்போன் அணைத்து வேறு அறையில். தம்பி தங்கையை யாராவது வெளியே கூட்டிப்போக வேண்டும்.

பொம்மைகள் ஒரு பையில் தனியாக இருக்கட்டும், மற்ற நாள்களில் அதைத் தொடக்கூடாது. ஒரு குடும்பம் அளவுக்கு மனித பொம்மைகள், பால் பாட்டில், சொப்பு சாமான், டாக்டர் செட், பேண்டேஜ் துணி, இரண்டு விளையாட்டு போன், ஆட்டோ, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி, பசு, புலி, ரப்பர் பாம்பு, பொம்மை வீரர்கள், ரப்பர் கத்தி, மழுங்கிய கத்தரிக்கோல், 8 நிறக் கிரேயான், தாள், கயிறு, முகமூடி, பழைய துண்டு. 1,500 ரூபாய்க்குள் சேர்த்துவிடலாம். கத்தி எதற்கென்று வீட்டில் கேட்பார்கள். கோபத்தைக் காட்டப் பொம்மை இல்லாவிட்டால் பிள்ளை உங்கள்மேல் காட்டும். சன்னபட்டணத்து மரபொம்மைகள் அழகு, ஆனால் கனமானதை வைக்காதீர்கள். எறியும் கட்டம் வந்தே தீரும், மண்டை உடையும். பேட்டரியில் பாட்டுப் பாடும் பொம்மையும், சூப்பர் ஹீரோ பொம்மையும் வேண்டாம். அவற்றின் கதை முன்பே எழுதப்பட்டுவிட்டது.

களிமண் மாவு வீட்டிலேயே செய்யலாம்: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் சுமார் 1 கப் சிறுகச் சிறுக விட்டுப் பிசைய வேண்டும். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரிரு வாரம் வரும். மண், சாக்பீஸ் தின்னும் பழக்கமுள்ள பிள்ளைக்கு இந்த மாவு ஆபத்து, உப்பு உடம்பில் ஏறிவிடும். அவர்களுக்குச் சப்பாத்தி மாவு போதும், அன்றன்றைக்குப் பிசையுங்கள்.

தொடங்கும்போது ஒரே வாக்கியம்: 'இது உன் நேரம், இங்க நீ நினைச்ச மாதிரி நிறைய விதமா விளையாடலாம்.' பிறகு பிள்ளை செய்வதைப் பார்த்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். கேட்கக் கூடாது. இதுதான் நம்மவர்களுக்கு மிகக் கடினம். பிள்ளை புலியை எடுத்தால் நம் வாய் தானாக 'இது என்ன, சொல்லு? என்ன கலர்?' என்று ஆரம்பித்துவிடும். அந்த நொடியே அது பாடவேளை ஆகிவிடுகிறது. எப்படி நடக்க வேண்டுமென்று பாருங்கள்.

பிள்ளை புலியால் அம்மா பொம்மையைக் கடிக்கவைக்கிறது.
'அது அவங்களைக் கடிச்சிடுச்சு.' (புலி என்று நீங்கள் பெயர் சூட்ட வேண்டாம், பிள்ளைக்கு அது நாயாக இருக்கலாம்.)
பிள்ளை பொம்மையைத் துண்டால் மூடுகிறது.
'மூடி வெச்சிட்டே. இனி யாரும் பார்க்க முடியாது.'
பிள்ளை உங்களைப் பார்க்கிறது. அவ்வளவுதான். 'அம்மாவுக்கு வலிக்கும்ல, பாவம்ல?' என்று சேர்த்தால் விளையாட்டு அங்கேயே நிற்கும்.

'குட் கேர்ள், சூப்பர்' வேண்டாம். 'ரொம்ப நேரமா முயற்சி பண்ணி மூடியைத் திறந்துட்டே' என்று சொல்லலாம்.

எல்லை மீறினால் மூன்று படி: உணர்ச்சியைச் சொல், எல்லையைச் சொல், மாற்று வழியைக் காட்டு. 'உனக்குக் கோபம், என்னை அடிக்கணும் போல இருக்கு. நான் அடிக்கிறதுக்கு இல்ல. தலையணையை அடிக்கலாம்.' குரல் உயரக் கூடாது. முதல் தடவையில் கேட்காது. மூன்று தடவை அதே சொற்கள்.

முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, 1 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள். 30 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். அழுகிறதே என்று நீட்டினால், பெரியவர்கள் சொன்ன சொல் நிற்காது என்று பிள்ளை கற்கும். தண்டனையாக இந்த நேரத்தை ரத்து செய்யவும் கூடாது. அன்று காலை என்ன அட்டகாசம் செய்திருந்தாலும் பாய் விரியும்.

இதற்கு வெளியே, தினசரி ஐந்து நிமிட ஒட்டு விளையாட்டுக்கு நம் பாட்டிமார் விளையாட்டுகளை மிஞ்ச எதுவுமில்லை. உப்புமூட்டை, ஊஞ்சல், கண்ணாமூச்சி. கண்ணாமூச்சியில் நீங்கள் முழுக்க ஒளியாதீர்கள், பாதிப் புடவை தெரியட்டும். காணாமல் போனவர் வராமலே போன அனுபவம் அந்தப் பிள்ளைக்கு உண்டு. நண்டூறுது நரியூறுது விளையாட்டில் விரல்கள் கையில் ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டி முடியும். அந்த முடிவை விட்டுவிடுங்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை போய், 'இன்னும் மேல வரட்டுமா?' என்று கேளுங்கள். கையை இழுத்துக்கொண்டால் நண்டு திரும்பிப் போகட்டும். திடீரென்று உடம்பில் கை வருவதைவிட, தான் சொன்னால் நிற்கும் கை இந்தப் பிள்ளைக்கு மருந்து.

8. அதே விபத்து, மறுபடி மறுபடி

ஆட்டோவை லாரியில் மோதவைத்து, மோதவைத்து, 20 நிமிடமும் அதையே பிள்ளை செய்யும். திசைதிருப்பாதீர்கள், 'எல்லாரும் பொழைச்சுட்டாங்க' என்று முடிவு சொல்லித் தராதீர்கள். வாரங்கள் போகப் போகச் சின்ன மாற்றம் வருகிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் வருகிறது, ஒருவர் எழுகிறார், உங்களுக்கு ஒரு வேலை தரப்படுகிறது. மாற்றம் வந்தால் விளையாட்டு வேலை செய்கிறது. நாலைந்து வாரமாக ஒரே மாதிரி, முகத்தில் உயிரே இல்லாமல், முடிந்தபின் இன்னும் பதற்றத்தோடு இருந்தால் வீட்டில் நிறுத்திவிட்டு அன்றே சிகிச்சையாளரைக் கூப்பிடுங்கள்.

முதல் நாலு முதல் ஆறு வாரத்தில் நிலைமை மோசமாவதும் உண்டு. படுக்கையில் சிறுநீர், அடம், உங்களைச் சோதித்துப் பார்ப்பது. பலர் 'இதனால்தான் கெட்டுப்போச்சு' என்று அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு இரவும் மூன்று வரி எழுதி வையுங்கள்: தூக்கம், சாப்பாடு, ஒருமுறையாவது உங்களிடம் ஆறுதல் தேடி வந்ததா. மூன்றாவது வரிதான் அளவுகோல்.

9. விளையாட்டில் பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால்

பொம்மையை வைத்துச் செய்ததே ஆதாரமாகிவிடாது, ஆனால் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் காத்திருக்க நேரமில்லை. துருவிக் கேட்காதீர்கள், பாட்டி, சித்தி, பக்கத்து வீடு என்று ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல' என்பது போதும். பிள்ளையின் சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சையாளருக்கும் இது பொருந்தும், அவர் புகார் தருவதை நம்பிக்கைத் துரோகமாக எண்ணாதீர்கள். வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலேயே எடுக்கலாம், எடுப்பவர் சீருடையில் இருக்கக் கூடாது. இதைக் கேட்டுப் பெறுங்கள். வழக்கு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

10. உறவும் பள்ளியும்

'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கும் கேலி. தத்தெடுத்த பிள்ளையிடம் ஒருமுறை சொன்னாலும் மாதக்கணக்கான வேலை போச்சு. 'பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்', 'ஹாஸ்டல்ல விட்டுடுவேன்' இரண்டும் அதே ரகம். பெரியவர்களை உட்காரவைத்து ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளை பயந்திருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்று மாமியார் சொன்னால் கட்டட்டும். பிள்ளையை மிரட்டுவதோ, வேப்பிலையால் அடிப்பதோ, புகை போடுவதோ கூடாது.

தலையணை உறைக்குள் இட்லியும் பிஸ்கட்டும் ஒளித்துவைத்தால் திட்டாதீர்கள். பட்டினி கிடந்த நினைவு அது. கைக்கெட்டும் உயரத்தில் பிள்ளையின் பெயர் எழுதிய டப்பா ஒன்று வைத்து, தினமும் இரவில் பிள்ளையின் கண்முன் நிரப்புங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் ஒளிப்பது குறையும். டப்பாவை அப்போதும் எடுக்காதீர்கள்.

பள்ளிக்குச் சிகிச்சையாளர் ஒரு பக்கக் கடிதம் தருவார். அதில் நடந்த சம்பவம் வேண்டாம், மூன்று கோரிக்கை போதும்: தண்டனையாகத் தனியே மூலையில் நிற்கவைக்காமல் டீச்சர் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும், டீச்சர் விடுப்பென்றால் முந்தின நாளே பிள்ளையிடம் சொல்ல வேண்டும், கூட்டிப்போக வருபவர் மாறக் கூடாது.

11. முடிக்கும் விதம்

திடீரென்று நிறுத்துவது பிள்ளைக்கு மறுபடி ஒரு கைவிடல். பணமோ வேலை மாற்றமோ எதுவானாலும், கடைசி 3 அல்லது 4 அமர்வை விடைபெறுவதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். காலண்டரில் அந்த நாள்களை வட்டமிட்டு, ஒவ்வொன்றாகப் பிள்ளையே அடிக்கட்டும். ஏப்ரல், மே லீவுக்கும் தசராவுக்கும் ஊருக்குப் போவதென்றால் இதே முறைதான்: இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், எத்தனை இரவு என்று எண்ணிக் காட்டுங்கள், பொம்மைப் பையைக் கூட எடுத்துப்போங்கள். ஊரிலும் அதே கிழமை, அதே நேரத்தில் பாயை விரியுங்கள்.

சிகிச்சையாளரோடு கடைசி நாளில் ஒரு புகைப்படம் எடுத்து, பிள்ளையின் கையில் கொடுங்கள். உங்களுக்கு ஒரு சுருக்க அறிக்கையும் எழுதி வாங்குங்கள். பின்னால் வேறு ஊர், வேறு பள்ளி, புதுத் தம்பி தங்கை என்று வரும்போது பழைய பயங்கள் கொஞ்சம் தலைகாட்டும். அப்போது நாலைந்து அமர்வே போதுமானதாக இருக்கும், அந்த அறிக்கையைக் காட்டினால் புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.